வலப்பக்கமாகச் சுற்றவும்

லிஃப்ட் பழுதாகி அறுபது நாள்.
ஆண்டாப் ஹில்லில் எங்கள் பி-விங்கில்
மாடிப்படிகளுக்கு நடுவே
நாலு மாடி ஆழத்துக்கு ஒரு காலியிடம் இருப்பதை
மூச்சு வாங்க நின்றபோதுதான் பார்த்தோம்.
மும்பையில் காலியிடம்!
ரோஸ்மலர் மதினி எட்டிப் பார்த்து
சதுர அடி என்ன விலை போகும் என்றாள்.
பிறகு கையிலிருந்த தக்ளியைக்
கம்பிக்கு வெளியே நீட்டி
ஒரு சுண்டு சுண்டினாள்.

வீட்டுக்குள் நூற்றால்
நெஞ்சிலிருந்து பாதம் வரைதான் நூல்.
அதற்குள் கட்டில்கால் இடிக்கும்,
குக்கர் கூப்பிடும்.

ரோமம் ஷிண்டே வஹினி தந்தது.
சாத்தாராவில் அவள் தம்பி வளர்க்கும் கறுப்பு ஆடுகள்.
பூந்திக்கொட்டை போட்டு மூன்று முறை அலசியும்
மழை வந்தால் பி-விங் முழுக்க
ஆடு நனைந்த வாசனை.
இந்த ஊருக்கு எதுக்குக் கம்பளி?
கேட்காத ஆளில்லை.
ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்கு
நீங்கள் என்ன செய்கிறீர்கள் என்று
திருப்பிக் கேட்போம்.

பந்தயம் இதுதான்:
நாலாம் மாடியில் தொடங்கும் நூல்
அறாமல் தரை தொட வேண்டும்.
தக்ளி சோர்ந்தால்
அந்தந்த மாடிக்காரர் ஒரு சுண்டு கொடுக்கலாம்.
தொட்டால் எல்லோருக்கும் வடாபாவ், இவர் செலவு.
இவர் துணிந்து ஒப்புக்கொண்டார்.
ஐந்து வாரமாக எதுவும்
மூன்றாம் மாடியைத் தாண்டவில்லை.

என் நூல் எலி விழுங்கிய பாம்பு,
நடுவில் வீங்கும்.
மதினி நூல் மெலிசு,
அவள் பொறுமை மாதிரி, பட்டென்று போகும்.
இவர் பேங்க் விரல்கள்
ஒவ்வொரு மயிரையும் எண்ணித்தான் விடும்;
ஒரு மணிக்கு ஒரு முழம்.

அன்று நல்ல மழை.
மதினி கையில் என்ன புகுந்ததோ,
மூன்றாம் மாடி.
ஹன்ஸாபென் மாவுக் கையைத் துடைத்துவிட்டு ஒரு சுண்டு.
இரண்டாம் மாடி.
ஷிண்டே வஹினி மூச்சடக்கி இன்னொன்று.
யாரும் கத்தவில்லை.
இவர் மட்டும் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தார்.

முதல் மாடியில் வீடு பூட்டியிருந்தது.
தக்ளி நின்று
யாருக்கோ காத்திருப்பதுபோல் தொங்கியது.
வந்தான்,
சாப்பாடு கொண்டுவரும் பையன்,
ஹெல்மெட்டில் மழை சொட்ட.
அண்ணாந்து பார்த்தான்.
மாடிக்கு மாடி தலைகள்.
ஆளுக்கொரு மொழியில் விரலைச் சுண்டிக் காட்டினோம்.
புரிந்துவிட்டது.
பையைக் கீழே வைத்து,
ஈரக்கையைச் சட்டையில் துடைத்து,
விளக்கேற்றுகிறவன் பயத்தோடு சுண்டினான்

இடப்பக்கமாக.

போட்ட முறுக்கெல்லாம்
கீழிருந்து மேலாகத் திரும்பிப் போனது.
நூல் தளர்ந்து, சடையாகி,
பின் வெறும் ஆடாகி,
டங்.
தக்ளி தரையில்.

"தொட்டுருச்சு" என்றாள் மதினி.
"நூல் அறுந்துபோச்சே" என்றார் இவர்.
ஜெபினுக்குப் பதினொரு வயசு.
கம்பியில் சாய்ந்துகொண்டு சொன்னான்:
"அறலப்பா. அவிழ்ந்துச்சு."

எட்டு வடாபாவ்.
எட்டாவது அந்தப் பையனுக்கு;
சிரிப்பதா மன்னிப்புக் கேட்பதா என்று தெரியாமல்
பச்சை மிளகாயைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இப்போது முதல் மாடிச் சுவரில்
ஜெபின் எழுதிய அட்டை,
நாலு மொழியில், பெரிய அம்புக்குறியோடு.
வாட்ச்மேன் ராம்சுரத் அதைப் படித்துவிட்டு
மேலே கத்திக் கேட்டார்:
மேலிருந்து பார்த்தால் வலமா,
கீழிருந்து பார்த்தால் வலமா?

இன்னும் முடிவாகவில்லை.