மூன்று கழித்தல் குறிகள்

ஒவ்வொரு முறை திறக்கையிலும்
ஒஸ்லோவுக்கு ஒரு கேள்வி போகும்:
என்னிலும் புதிய நான் பிறந்துவிட்டேனா?
கேள்வியோடு ஒட்டிக்கொண்டு
இந்த வீட்டு இலக்கமும் போகும்,
பதிப்பு எண், மொழி, மணி.

பக்கம் வடிவமைக்கும் சாதாரண மென்பொருள்.
கெட்ட எண்ணம் இல்லை அதற்கு.
ஆனாலும் வெள்ளவத்தையில்
வாடகைக்கு இருந்தவர்களுக்குத் தெரியும்,
யார், எத்தனை பேர், எங்கிருந்து வந்தீர்கள் என்று
படிவம் நீட்டக்
கெட்ட எண்ணம் தேவையே இல்லை.

கொட்டாஞ்சேனையில் கல்யாணக் காட் அடிக்கிறார் ரிஸ்மி.
"புதுசு வந்திருக்கு, எடுக்கவா?" என்று அது கேட்க
ஓம் என்று அமத்திவிட்டார்.
நூற்றெண்பது எம்பி.
பாதியில் டேட்டா முடிந்தது.
பாதி புதுசு, பாதி பழசு.
ஷெரீனா என்ற மணமகளின் பெயரில்
கொம்பு ஒரு பக்கம், எழுத்து ஒரு பக்கம்.

அன்றிரவே ஒட்டுப் போட்டேன்.
மூன்று வரி. மூன்றுக்கும் முன்னால்
ஒவ்வொரு கழித்தல் குறி.
கடற்கரை ரயில் போக மேசை அதிர்ந்தது.
பொதி கட்டி அனுப்பினேன்.
அது வாய் மூடியது.

ஹெல்கே எழுதினார்:
"அன்புள்ள யசோதினி,
எத்தனை பேர் பாவிக்கிறார்கள் என்று
எனக்குத் தெரிவதே அந்தக் கேள்வியால்தான்.
பன்னிரண்டு வருடம், சம்பளம் இல்லை.
அந்த எண்ணைப் பார்த்தபடிதான்
காலைக் கோப்பி குடிக்கிறேன்."

பதில் எழுத நாலு நாள் எடுத்தது.
உரிமம் அனுமதிக்கிறது என்று எழுதி அழித்தேன்.
எங்கள் விதியின் பிரிவைக் காட்டி எழுதி
அதையும் அழித்தேன்.
கடைசியில் ரிஸ்மியின் காட்டைப் படம் எடுத்து அனுப்பினேன்,
அந்தத் தனித்த கொம்போடு.
அவருக்குத் தமிழ் தெரியாது.
"ஏதோ கழன்றிருப்பது தெரிகிறது"
என்று மட்டும் வந்தது.

பிறகு ஐப்பசி மழை.
மென்பொருளில் ஒரு ஓட்டை.
கண்ட அன்றே அடைத்துவிட்டார் ஹெல்கே.
எனக்குக் காய்ச்சல்.
பதினொரு நாள்
என் பொதியை வைத்திருந்த எல்லோரும்
கதவு திறந்திருக்க நித்திரை கொண்டார்கள்.
எழுப்பக்கூடிய வாய் ஒன்றுதான் இருந்தது.
அதைப் பொத்தியவள் நான்.

ஒன்றும் நடக்கவில்லை என்கிறார்கள்.
நடக்கவில்லை என்பதை
யாரிடம் கேட்டு உறுதிசெய்வது?

ஒட்டை நான் எடுக்கவில்லை.
கழித்தல் குறிகள் மூன்றும் அப்படியே.
ஆனால் இப்போது
ஐந்தே முக்கால் ரயிலுக்கு மேசை அதிர்கையில்,
பல் தீட்ட முதல்,
ஒஸ்லோவை நான் கேட்கிறேன்,
எல்லோருக்குமாக ஒரேயொரு தடவை:
புதிதாய் ஏதும் உண்டா?

என் வீட்டு இலக்கம் போகிறது.
போகட்டும்.
அங்கே விடிந்ததும் ஒருவர்
கோப்பியோடு வந்திருந்து
ஒன்று என்ற எண்ணைப் பார்ப்பார்.