ஏழு நிற மண்ணுக்கு நான்கு ஸ்கிரீன்

பனியன் வாங்க வந்தவர் பெயர் பாவாடை.
சிரிப்பை அடக்க முடியாமல் பூங்கோதை
டேபிளுக்கு அடியில் குனிந்து
விழாத ஸ்குவீஜியைத் தேடினாள்.
கார்டில் பிரெஞ்சு எழுத்து:
ழான் பாவடே, போர்ட் லூயி, மொரீசியஸ்.
எங்கள் லைன் வீட்டில் மூன்றாவது கதவு,
விழுப்புரத்துக்காரர், செக்கிங் வேலை,
அவர் பெயரும் பாவாடைதான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

தீவை முழுசாகப் பெட்டியில் கொண்டு வந்திருந்தார்.
செத்தொழிந்த டோடோ பறவை,
கரும்பாலையின் புகைபோக்கி,
செகா ஆடுகிறவளின் சுழலும் பாவாடை
(பூங்கோதை மறுபடி குனிந்தாள்),
அப்புறம் சமரேல் என்றொரு ஊரின் மண்.
ஒரே மேட்டில் ஏழு நிறமாம்.
அதைப் பார்க்க ஏரோப்ளேன் ஏறி வருகிறார்களாம்.

"ஏழு நிறம்னா ஏழு ஸ்கிரீனுங்க.
பீஸுக்குப் பதினாலு ரூபா ஏறும்.
கட்டாதுங்க."
மெர்ச்சண்டைசர் பையன் இங்கிலீஷில் சொன்னான்.
ஊதா போனது முதலில்.
பல்லைப் பிடுங்கக் காட்டுகிறவர் மாதிரி
வாயைத் திறந்து மூடினார்.
மஞ்சள் போனது.
பழுப்பும் சிவப்பும் ஒன்றுதானே என்றேன்.
ஒன்றில்லை என்று அவருக்கும் தெரியும்,
பல்லடம் ரோட்டில் பிறந்த எனக்கும் தெரியும்.
விலை கட்டியது.

நீலத்தில்தான் இழுத்தடித்தார்.
பாறைக்கு உள்ளே தேங்கி நிற்கும் கடலாம்,
வெளிக் கடல் வேறாம்.
நாலு தடவை கலக்கினேன், நாலு தடவையும் உதட்டைப் பிதுக்கினார்.
நான் கடலைப் பார்த்தது ஒரே ஒரு நாள், திருச்செந்தூரில்.
அன்றைக்கு அது சாம்பலாகக் கிடந்தது.
ஐந்தாவது தடவை
வெள்ளையில் பச்சை ஒரு சொட்டு கூடவே விழுந்துவிட்டது.
துணியில் விரலை வைத்தார். எடுக்கவில்லை.
"லா" என்றார்.
இல்லை என்கிறாரோ என்று பயந்தேன்.
'அங்கே' என்று அர்த்தமாம்.

டீ வந்தது. போனைக் காட்டினார்.
தைப்பூசம். கன்னத்தில் வேல், தோளில் காவடி,
ஆண் பெண் அத்தனை பேரும்
ரோஸ் நிறத்தில்.
"பழனிக்குப் பச்சை கட்டுவோம், காவி கட்டுவோம்.
ரோஸு எதுக்குங்க?"
பையன் கேட்டுச் சொன்னான்: அவருக்கும் தெரியாதாம்.
அவருக்குத் தமிழும் தெரியாது,
அரோகரா தெரியும்.
அன்றைக்கு அங்கே நாட்டுக்கே லீவாம்.
இங்கேயும்தான் என்றேன்.
காலண்டரில் இருக்கிறது.
எங்களுக்கு அன்றைக்கு ஷிப்மென்ட்.

போகும்போது ஒரு நோட்டு நீட்டினார்,
அவருடைய ஊர் ரூபாய்.
அதில் தமிழ்.
அதன் மேல் 'ரு' மாதிரி ஒரு சுழி.
ரூபாயின் ரு, பாதியில் நின்றிருக்கிறது என்று நினைத்தேன்.
இரவு மகளிடம் கொடுத்தால்
புத்தகத்தின் கடைசிப் பக்கத்தைப் புரட்டி
"அது எழுத்தில்லைம்மா, அஞ்சு" என்கிறாள்.
பிறந்ததிலிருந்து தமிழில் எண்ணுகிறேன்.
தமிழில் ஐந்து இப்படியிருக்கும் என்று
கடல் தாண்டித்தான் வரவேண்டியிருந்தது.

எட்டாயிரம் பீஸ் போனது.
இருநூற்றுச் சொச்சம் ரிஜெக்ட்:
டோடோவுக்கு அலகு தள்ளி விழுந்தது,
மண் கடலுக்குள் வழிந்தது.
காதர்பேட்டையில் எழுபது ரூபாய்க்கு விற்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை நொய்யல் பாலத்தில்
ஒடிசாப் பையன் ஒருவன்,
எங்கள் டையிங் ஹெல்ப்பர், பேர் பிரதீப்தோ என்னமோ,
மொரீசியஸைப் போட்டுக்கொண்டு நிற்கிறான்.
தண்ணீர் பின்னால் தெரியாதபடி
போனைத் தூக்கிப் பிடிக்கிறான்.
அம்மாவுக்கு அனுப்பவாம்.

நாலு நிறம்தான்.
நீலம் மட்டும் சரியாக வந்திருக்கிறது.