புறம்போக்கு

பேசின் பாலத்தின் மேல்
ஞாயிற்றுக்கிழமை மாலை நாலே முக்கால்.
முதுகில் பெட்டி, பெட்டிக்குள் வயலின்,
முன்னால் ஒரு குப்பை லாரி.
கழுத்தில் எறும்பு ஊர்ந்தது போலிருந்தது.
தட்டிவிடத்தான் இடக்கையைத் தூக்கினேன்.

எறும்பில்லை.

கழுத்துக்கு வந்ததை
இரண்டு விரல்கள் வாங்கிக்கொண்டன,
ஆள்காட்டியும் நடுவிரலும்.
ஹேண்டில்பாரில் வழிந்த ரத்தத்தைவிட
அறுந்து தொங்கிய மாஞ்சா நூலின் ரோஸ் நிறம்தான்
இன்றும் முதலில் ஞாபகம் வருகிறது.

உயிர் தப்பிச்சதே பெருசு என்றார்கள்
ஆப்பிளோடு வந்த எல்லோரும்.
தலையாட்டினேன். பெருசுதான்.
வார்டு விளக்கு அணைந்த பிறகு
எது சிறுசு என்று யோசித்துக் கிடந்தேன்.

ஸ்டான்லியில் கை பார்க்கும் டாக்டர் மணிமொழி
ஸ்கெட்ச் பேனாவால் என் விரலில் ஒரு கட்டம் போட்டார்,
உள்ளங்கை மடிப்பிலிருந்து நடுக்கணு வரை.
"இந்த இடத்துல அறுந்தா
அந்தக் காலத்துல தைக்கவே பயப்படுவாங்க.
யாருக்கும் சொந்தமில்லாத நிலம்னு
பேரே வச்சிருந்தாங்க."
புறம்போக்கு, என்றேன்.
சிரித்துவிட்டார்.

நான் கொருக்குப்பேட்டைக்காரி.
புறம்போக்கில்தான் நாற்பது வருஷமாகச்
சமைக்கிறார்கள், சண்டை போடுகிறார்கள்,
பிள்ளைக்குப் பேர் வைக்கிறார்கள்,
கரண்ட் பில்லும் கட்டுகிறார்கள்.
ஒருநாள் விடிகாலை புல்டோசர் வரும்,
அதுவும் தெரியும்.

சேவியர் சார் இரண்டு தடவை போன் செய்தார்.
அடுத்த மாசம் வந்துடுவேன் சார் என்றேன், இரண்டு தடவையும்.
மூன்றாவது நாற்காலியில் இப்போது கிரேஸ்.
அந்தப் பாட்டு வெளியாகி
மிண்ட் பக்கம் ஒரு டீக்கடையில் ஓடியது.
கட்டுப் போட்ட கையோடு நின்று முழுசாகக் கேட்டேன்.
பதினாலு வயலின்.
நான் இல்லாதது
எங்கேயும் கேட்கவில்லை.

ஸ்டேஷனில் எழுதி வாங்கி அனுப்பிய பையனை
அவன் அம்மா இழுத்துக்கொண்டு வந்தாள்.
யோகேஷ். பதிமூணு வயசு.
தரையைப் பார்த்தே நின்றான்.
என்னடா போட்ட அதுல, என்றேன்.
வஜ்ஜரம், டியூப்லைட் தூள், கொஞ்சம் சோறு, கலர்.
சொல்லச் சொல்ல நிமிர்ந்தான்.
"துணியில சலிக்கணும்க்கா, மாவு மாதிரி.
இல்லன்னா நூல்ல நிக்காது.
மேல காத்து திரும்பினா
இங்க விரல்லயே தெரியும்."
அம்மா மண்டையில் ஒன்று வைத்தாள்.
அவன் கையை வாங்கிப் பார்த்தேன்.
ஆள்காட்டி விரலில், அதே கட்டத்துக்குள்,
பழைய வெட்டு, புது வெட்டு,
ஆறியும் ஆறாததுமாய்.
மன்னித்தேன் என்று நான் சொல்லவில்லை.
மன்னிப்பு என்ற சொல்லை அவனும் எடுக்கவில்லை.
டீ குடித்துவிட்டுப் போனார்கள்.

ரப்பர் பேண்டு, களிமண் உருண்டை,
வெந்நீரில் பத்து நிமிஷம், பட்டாணி பொறுக்கல்.
நாலில் ஒரு பட்டாணி கீழே விழும்.

பதினோராவது வாரம் பெட்டியைத் திறந்தேன்.
நாலு தந்தியும் இறங்கிக் கிடந்தன.
சுருதி கூட்டவில்லை.
வலது கைக்கு ஒன்றுமே நடக்கவில்லை,
ஊருக்குப் போய்த் திரும்பியதைப் போல
அது பாட்டுக்கு வில்லைப் பிடித்தது.
ஆள்காட்டி இறங்கியது.
தந்தி இருக்கிறதா இல்லையா
விரல் நுனிக்குத் தெரியவில்லை.
ரிஷபம் என்று நான் நம்பிய இடத்துக்குச்
சற்றே கீழே
பெயரில்லாத ஒரு சத்தம்.
ஏத்து, ஏத்து என்றது காது.
விரல் கேட்கவில்லை.

அங்கேயே
வில் தீரும்வரை இழுத்தேன். திருப்பி இழுத்தேன்.
கீழே தண்ணி லாரிக்குக் குடம் போட்டிருந்த சரோக்கா
என்னடி, மோட்டார் ரிப்பேரா என்று கத்தினாள்.
ஆமாக்கா, என்றேன்.
இன்னும் ஒரு தடவை இழுத்தேன்.