ஒட்டாதிருக்க

மாங்குளம் சந்தியில் எனக்கொரு வல்கனைசிங் கடை.
ரியூப்புக்கும் ரயருக்கும் இடையில்
வெள்ளைத் தூள் தடவுவது தொழிலில் பாதி.
தடவாமல் விட்டால் வெக்கையில் இரண்டும் ஒட்டி
அடுத்த ஆணிக்குக் கழற்றும்போது
ரியூப் கிழிந்துதான் வரும்.

ஆகவே டொக்டர் குகப்பிரியன்
வெட்டித் தைத்தால் குடல் ஒட்டும் என்றபோது
உடனே விளங்கியது எனக்கு.
"தூள் போட ஏலாதோ?"
சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை.
"தூள்தான் எதிரி அண்ணை.
முந்தி கையுறையில மா இருக்கும்.
ஒரு சிட்டிகை உள்ள விழுந்தாலும்
குடல் அதைச் சுத்திப் பிடிச்சிடும்."

தொப்புளுக்கு மேலே நிற்கிறது பழைய தழும்பு.
மாத்தளனில், பள்ளிக்கூட மேசையில்,
சாரத் தலைப்பைக் கடித்தபடி நான் கிடக்க
யாரோ இரும்பை எடுத்துத் தைத்தது.
பெயர் கேட்க நேரமில்லை.
அந்தக் கையில் உறை இருந்ததா,
உறையில் மா இருந்ததா,
யாரைக் கேட்பது இனி?
பிழைத்தேன்.

இப்போது மலக்குடலில் புற்று.
யாழ்ப்பாண ஆஸ்பத்திரியில் ஆறு மணித்தியாலம்.
அதில் இரண்டு, பழைய ஒட்டைப் பிரிக்கவே போயிற்றாம்.
கீழே தைத்தது ஆறும்வரை
வலது விலாவுக்குக் கீழே சிறுகுடலை வெளியே எடுத்து
ஒரு தற்காலிக வாசல்.
வாசலில் ஒரு பை.

அந்த வாசலைச் சுற்றி, உள்ளே,
ஒரு தாள் வைத்திருக்கிறார்கள்.
லஞ்ச் சீற்றிலும் மெல்லிசு.
ஈரம் பட்டதும் கூழாகி
ஒரு கிழமையில் கரைந்து போகுமாம்.
"ஒரு கிழமைதானே, என்ன பிரயோசனம்?"
"காயம் பக்கத்திலிருப்பதைப் பிடிக்கிறது
அந்த ஒரு கிழமைக்குள்ளதான்."

அரசாங்கத்திடம் அந்தத் தாள் இல்லை.
கொழும்பிலிருந்து எடுக்கவேண்டும்; விலை சொன்னார்கள்.
மங்களேஸ் தாலிக்கொடியைத் தடவிப் பார்த்தாள்.
பிறகு எப்படி வந்தது என்று அவள் சொல்லவில்லை.
பில்லில் இருந்தது: கோ. தவேந்திரம்.
என் தம்பி.
முறிகண்டிக் காணியால்
ஒட்டும் வேண்டாம் உறவும் வேண்டாம் என்று
ஒன்பது வருஷம் முன்னே போனவன்.
அவனுடைய லொறி என் கடையைத் தாண்டித்தான் போகும்.
காற்றுப் போனாலும்
கனகராயன்குளம்வரை உருட்டுவானே தவிர
நிற்கமாட்டான்.

நேற்றும் போனது. ஹோர்ன் அடித்தானா,
முன்னால் நின்ற மாட்டுக்கு அடித்தானா தெரியாது.

வருகிற மாதம் வாசலை மூடுவார்கள்.
சுற்றிவர வெட்டி, குடலை விடுவித்து,
பொருத்தி, உள்ளே விடுவதாம்.
ஒட்டியிருக்காவிட்டால் ஒரு மணித்தியாலம்.
ஒட்டியிருந்தால் வயிற்றை முழுதாகத் திறக்கவும் வரும்.
தாள் தன் வேலையைச் செய்ததோ என்று
ஸ்கானிலும் சரியாகத் தெரியாதாம்.
பிரித்தால்தான் தெரியும்.
எனக்கும் அப்படித்தான், ரயரைக் கழற்றும்வரை.

இரவில் மங்களேஸுக்கும் எனக்கும் நடுவில்
மடித்த துவாய் ஒன்று கிடக்கும்,
பை கசிந்தால் என்று.
அவள் அதற்கு மேலால் கையை நீட்டி
என் தோளில் வைத்துவிட்டு நித்திரையாவாள்.

வேலை குறையவில்லை.
இன்றைக்கு மட்டும் நாலு மோட்டசைக்கிள்,
ஒரு லாண்ட்மாஸ்டர்.
தூள் விரலிடுக்கெல்லாம் நிற்கிறது.
பை பாரமாகிறது.
குழாயடியில் சவர்க்காரம் போட்டு
ஒருமுறை கழுவுகிறேன்.
வெயிலில் விரித்துப் பார்த்து
இன்னொருமுறை.
பிறகுதான் தொடுகிறேன்.