ஐந்திடம் வாங்கிய பத்து

மூன்று இடத்துக் கையேடுகளையும்
ரப்பர்பேண்டு போட்டுப் பையில் வைத்திருக்கிறேன்.
பட்டர்வொர்த்தில் ஃபெரிக்கு இன்னும் கதவு திறக்கவில்லை.
பயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் நான்கு வருஷம்
கணக்கெழுதிய கை சும்மா இருக்காமல்
பின்னட்டையில் கோடு இழுக்கிறது:
கட்டணம், காலம், பஸ் காசு,
வேலையை விடணுமா வேண்டாமா.

கோலாலம்பூரில் ஒரு வருஷம், முழு நேரம்.
சம்பளம் சுழியம், அறை வாடகை தனி.
தீவில் இரண்டு வருஷம், சனி ஞாயிறு மட்டும்.
மூன்றிலும் விலை கூடியது இதுதான்.
மற்றது வீட்டிலிருந்தே:
பதிவுசெய்த பாடம், பாதிக் கட்டணம்,
இரவு பதினொன்றுக்கும் கேட்கலாமாம்.
"எதுல படிச்சாலும் பட்டம் பட்டம்தானே" என்றாள் ஹேமலோஷினி,
ஆசிரியர் அறையில் நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்தபடி.
சரிதான்.
மலிவானதற்கே டிக் போட்டிருந்தேன்,
இரண்டாம் ஆண்டில் அந்தச் செவ்வாய்க்கிழமை வரை.

பிறையில் ஒரு தமிழ்ப்பள்ளி. நான் தற்காலிகம்.
பலகையில் 52 − 17.
இரண்டிலிருந்து ஏழு போகாது,
பக்கத்து ஐந்திடம் ஒரு பத்தைக் கடன் வாங்குவோம்.
எனக்குச் சொன்னதையே சொன்னேன்.
தர்ஷ்வின் கை தூக்கினான்.
"எப்ப டீச்சர் திருப்பிக் குடுக்கணும்?"
குடுக்க வேணாம், கணக்குல அப்படித்தான்.
"எங்க வீட்ல அப்படி விடமாட்டாங்க டீச்சர்.
கேட்ல சிவப்பு பெயிண்ட் ஊத்திட்டுப் போவாங்க."

யாரும் சிரிக்கவில்லை.
மணி அடித்தது.
மணிக்குக் கடன்பட்டேன்.

சாயங்காலம் மூன்று இடத்துக்கும் போன் போட்டேன்.
பிள்ளை இப்படிக் கேட்டால் என்ன சொல்வது,
உங்கள் படிப்பில் அது வருமா?
ஓரிடத்தில், பாடத்திட்டம் இணையத்தில் இருக்கிறது என்றார்கள்.
ஓரிடத்தில் எட்டு நிமிஷம் பியானோ.
தீவிலிருந்து ஒருத்தி
(பேர் சொன்னாள், மறந்துவிட்டது,
குரலுக்கு என் வயசுதான் இருக்கும்)
கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள்.
"தெரியல. அந்தப் பையன் கணக்க எப்படிப் போட்டிருக்கான்?"

நான் பார்த்திருக்கவில்லை.

மறுநாள் நோட்டைத் திறந்தேன்.
ஏழு கணக்கு. ஏழும் சரி.
ஓரத்தில், அழித்து அழித்து எழுதிய
பென்சில் பட்டியல்:
5க்கு 10
8க்கு 10
6க்கு 10
என்று போய், அடியில் கோடு கிழித்து
மொத்தம் 70. இன்னும் குடுக்கல.
என் கையில் சிவப்புப் பேனா.
மூடி போட்டுப் பைக்குள் வைத்துவிட்டேன்.

ஃபெரி நகர்கிறது. கொம்தார் கொஞ்சம் கொஞ்சமாக
அகலமாகிறது. எதிர் சீட்டில்
ஹெல்மெட்டை மடியில் அணைத்து ஒருவர் தூங்குகிறார்.
முதல் பட்டத்துக்கு வாங்கிய கல்விக் கடனில்
பதினோராயிரம் ரிங்கிட் இன்னும் நிற்கிறது.
அதன் தலையில் இது.
என் ஓரமும் நிறையத்தான் போகிறது.

விண்ணப்பத்தில் கடைசிப் பெட்டி:
இந்தப் படிப்பைத் தேர்ந்த காரணம், நூறு சொல்லுக்குள்.
52 − 17 என்று எழுதினேன்.
இது எத்தனை சொல்லாக எண்ணப்படுமோ தெரியாது.
ஐந்தை அடித்து மேலே நான்கு,
இரண்டுக்கு முன்னால் சின்னதாய் ஒன்று.
படகு துறையில் இடித்து நின்றது.
விடைக்கு இடம் விட்டு
எழுந்துகொண்டேன்.