கதவுக்கு மேலே ஏறிய குழாய்

பதினான்காம் கொண்டை ஊசி வளைவில்
முள் சிவப்பைத் தொட்டது.
ஓரம் கட்டினேன்.
பின்னால் முப்பத்திரண்டு மூட்டை சிமெண்ட்.
ஏற்காட்டில் யாருடைய விடுதிக்கோ
நீச்சல் குளம்.

காலையில்தான் வாட்டர் பம்ப் மாற்றியது.
கொண்டலாம்பட்டியில் முஸ்தபா
ஜும்மாவுக்கு நேரமாகிவிட்டதென்று
கூலண்டை ஒரே மூச்சில் கவிழ்த்து
மூடியைத் திருகி அனுப்பிவிட்டான்.
இப்போது போனில் சொல்கிறான்:
"உள்ள ஏர் நின்னுருக்கும்ணே.
மூடியத் தொட்றாதீங்க, மொகம் வெந்துரும்.
வண்டி மூக்கு மேட்டப் பாத்துதானே நிக்குது?
நல்லதாப் போச்சு. ஆறட்டும்."

எவ்வளவு நேரம் என்று சொல்லவில்லை.
மேல் ஹோஸ் கை வைக்க முடியாமல் கொதிக்கிறது.
கீழ் ஹோஸ்
குளித்து வந்தவன் காதுமடல் மாதிரி சில்லென்று.
நடுவில் எங்கோ ஒரு கைப்பிடிக் காற்று
வழி விடாமல் நிற்கிறது.

குரங்கொன்று வைப்பரின் ரப்பரை
உரித்துப் பார்க்கிறது.
கீழே சேலம்:
மாக்னசைட் வெட்டிய வெள்ளை,
மூக்கனேரியின் தகரப் பளபளப்பு,
அதற்கும் அப்பால் புகைமூட்டத்தில்
அம்மாபேட்டை என்று நான் நினைத்துக்கொள்ளும் ஒரு திட்டு.

அங்கிருந்துதான் மாதேஸ்வரி கூப்பிட்டாள்.
சீட்டுப் பணத்தை வண்டிக்குப் போட்டதிலிருந்து
மூன்று நாளில் முதல் பேச்சு.
"பாத்ரூம்ல தண்ணி வரல."
"டேங்க்கு?"
"ரொம்பிக் கெடக்கு."
"தொறந்தா என்ன பண்ணுது?"
"இருமுது."

எனக்குப் புரிந்தது. அவளுக்கு
முன்னாடியே புரிந்திருக்கும்.
பிளம்பர் கூலியை மிச்சம் பிடித்து
நானே போட்ட லைன் அது.
கதவு நிலை குறுக்கே வர
அதன் தலைக்கு மேல் ஏற்றி
அந்தப் பக்கம் இறக்கினேன்.
"பைப்பு போடறீங்களா, பாலம் கட்டறீங்களா?"
என்று அன்றைக்கே கேட்டாள்.
டேங்க் காலியாகி ரொம்பும்போதெல்லாம்
பாலத்தின் உச்சியில் காற்று ஏறி
டோல்கேட்காரனைப் போல உட்கார்ந்துகொள்கிறது.

"மேட்டூர்த் தண்ணி விட்டாச்சா?"
"மூணு மணி வரைக்கும் வரும்."
"மஞ்ச ஹோஸை எடு.
ஒரு முனை வாசல் குழாயில,
இன்னொண்ணு பாத்ரூம் குழாயில.
கிளாம்ப்ப இறுக்கு. ரெண்டையும் தொற.
பின்னாலருந்து தள்ளும்.
மாடிக்குப் போயி டேங்க்ல காது வெச்சுக் கேளு.
போனை வெச்சுடாத."

அவள் படியேறும் மூச்சு கேட்டது.
போனைப் பேனட்டின் விளிம்பில் சாய்த்துவிட்டு
பழைய லுங்கித் துணியைப் போட்டு
மூடியைக் கால் சுற்று, அரைச் சுற்று,
சீறல் ஓய்ந்த பிறகு முழுசாகத் திறந்தேன்.
ஸ்க்ரூவைத் தளர்த்தினேன்.
இந்த முறை நூல் மாதிரி ஊற்றினேன்.
இஞ்சினை உறும விடாமல் ஓட விட்டு
ஹோஸைப் பிசைந்தேன், மாட்டு மடியைப் போல.
ஒன்றுமில்லை.
ஒன்றுமில்லை.
பிறகு தொண்டைக்குள்ளிருந்து ஒரு குமிழி,
பச்சையாக வந்து உதட்டில் வெடித்தது.

"சத்தம் வருது" என்றாள்.
"உன் பக்கமா, என் பக்கமா?"
"ரெண்டுலயுந்தான் கேக்குது."

இதற்கெல்லாம் ஏதோ அர்த்தம் இருப்பதாக
ராத்திரி படுத்த பிறகு தோன்றலாம்.
அப்போது கை முழுக்கப் பிசுபிசுப்பு,
பஸ்காரன் ஹாரன் அடித்துத் திட்டிக்கொண்டு போனான்,
குமிழி பெரிசு, சிறிசு, கடுகு,
பிறகு வெறும் தண்ணீர்
கண் சிமிட்டாமல் நின்றது.
ஸ்க்ரூவை இறுக்கினேன்.
கீழ் ஹோஸில் சூடு ஏறிவிட்டது.

"வந்துருச்சு."
காலிப் பக்கெட்டின் அடியில்
தண்ணீர் மோதும் சத்தம்.
நிறைய நிறைய அதன் குரல் தடித்தது.
போனை அவளும் வைக்கவில்லை, நானும்.
பதினைந்து. பதினாறு.
"அந்தச் சீட்டுப் பணம்..." என்று தொடங்கினாள்.

பதினேழில் சிக்னல் போனது.
முள் நடுவில் நின்றது, ஆடாமல்.