கழிவு

மஞ்சூருக்கு மேலே
மேகம் வகுப்புக்குள் வந்து உட்காரும் மாதங்களில்
கரும்பலகை வியர்க்கும், சாக்பீஸ் வழுக்கும்.
துடைத்துத் துடைத்து எழுதினேன்:
மழை. பழம். வாழை.
மூன்றாம் வகுப்பு எத்வாரி தோப்னோ
அப்படியே எழுதிக் காட்டினாள்,
முத்து முத்தாக.
வாழைக்குப் பக்கத்தில்
ஜன்னல் கொக்கி உராய்ந்த பழைய கீறலையும் சேர்த்து.

'இது என்ன?' கீறலைத் தொட்டுக் கேட்டேன்.
என்னைப் பார்த்தாள்.
'இது?' மழையைத் தொட்டுக் கேட்டேன்.
அதே பார்வை.

இரண்டு வருஷமாக இந்த நோட்டுக்கு
'மிக நன்று' போட்டது நான்தான்.
சிவப்பு மையில். சில பக்கங்களில் நட்சத்திரம் வேறு.

அன்று சாயங்காலம் பஸ் வரவில்லை.
தூறலில் நின்றபோதுதான் உறைத்தது:
ழகரத்தை அவள் வாலில் தொடங்கித்
தலைக்கு ஏறுகிறாள்.
கையெழுத்தைப் பார்த்தேனே தவிர
கையைப் பார்க்கவில்லை.

பதிவேட்டில் மூன்று கட்டம்.
அரும்பு, மொட்டு, மலர்.
அரும்பில் டிக் அடித்தேன்.
இந்த மலையில் அரும்பைக் கிள்ளித்தானே
கூடையில் போடுகிறார்கள்?
அதை எழுதக் கட்டமில்லை.

மறுநாள் புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டேன்,
'உங்கம்மா என்ன பறிக்கிறாங்க?'
'கொலுந்து.'
லயத்தில் பேசுவது சாத்ரி,
கடையில் கொஞ்சம் இந்தி,
சனிக்கிழமை சர்ச்சில் இன்னொன்று.
எடைக் கொட்டகையில் கேட்ட இந்த ஒரு சொல்
முழுசாக அவளுடையது.
அதை நாலாக உடைத்தோம்.
கொ. ழு. ந். து.
ஆளுக்கொரு எழுத்தாக நாலு பிள்ளைகளை நிறுத்தினோம்;
'ந்' ஆக நின்றவன் விழுந்து விழுந்து சிரித்தான்.
நாக்கை மடி என்றேன்.
மடித்தாள். லு வந்தது, ளு வந்தது,
எப்போதோ ழு வந்துவிட்டு ஓடிப்போனது.
எனக்கே சந்தேகம்,
நான் சரியாகச் சொல்கிறேனா?
என் ஊர் உசிலம்பட்டிப் பக்கம்,
அங்கே மளைதான் பெய்யும்.

எத்தனையாவது நாள் என்று குறித்துவைக்கவில்லை.
அம்மாவின் எடைச் சீட்டைக் கொண்டுவந்தாள்,
நாலாக மடித்து, மடிப்பில் இலைக்கறையோடு.
விரல் வைத்தாள்.
க.
ழி.
வு.
நான் சொல்லித்தராத சொல்.
தானாகச் சேர்த்தாள்: 'கழிவு.'

கைதட்ட எழுந்தேன்.
அவள் அதற்குக் காத்திருக்கவில்லை.
'டீச்சர், கழிவுன்னா?'

இலை நனைந்திருந்தால்
தண்ணீர் எடையைக் குறைப்பார்கள் என்றேன்.
இருபத்திரண்டு கிலோவில் மூன்று.
சொல்லும்போதே என் குரல்
கணக்குப்பிள்ளை குரல்போல இருந்தது.

விரல் மேலே போனது.
மேலே ஒரு கிழமை இருந்தது.
அதையும் வாசித்தாள், அவசரமில்லாமல்:
வி. யா. ழன்.

ஜன்னலுக்கு வெளியே கொஞ்சநேரம் பார்த்தாள்.
'வியாழன் மழை இல்ல, டீச்சர்.'

இரண்டு ழகரமும் சுத்தமாக இருந்தன.

சிவப்புப் பேனாவைத் திறந்தேன்.
எங்கே போடுவது?
அவள் சீட்டை மறுபடி நாலாக மடித்து
ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டு
மணி என்ன என்று கேட்டாள்.
கொட்டகை நாலு மணிக்குத் திறக்குமாம்.